கௌரவ உறுப்பினர்

1863ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் நியூ பெட்ஃபோர்டு நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஒரு கூட்டம் கூடிற்று. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்னும் இராணுவப் பொறியாளரைத் தலைமை தாங்குமாறு வேண்டினர். கூட்டம் நடத்தும் முறையை அவர் கற்றவரல்லர். எனினும் மறுக்க இயலாமல் இசைந்தார். விரைவில் குழப்பம் மூண்டது. நாணமுற்ற ராபர்ட், அம்முறைகளைக் கற்றறியாமல் இனிக் கூட்டங்களுக்குச் செல்வதில்லை என உறுதி பூண்டார். அதன் பயனாக 1876இல் அவர் எழுதி வெளியிட்ட ஒழுங்கு விதி நூலின் புதிய பதிப்புகளையே இன்றும் அமெரிக்கச் சங்கங்கள் பல பின்பற்றுகின்றன.

கௌரவ உறுப்பினர் யாவர் என்பதையும் அந்நூல் வரையறுக்கிறது. அரிய தொண்டு புரிந்த ஒருவருக்குச் சங்கம் சூட்டும் பட்டமே அது. அத்தகையோர் கூட்டத்திற்கு வரலாம், பேசவும் செய்யலாம். ஆனால் தீர்மானம் கொண்டுவரவோ வாக்களிக்கவோ இயலாது. மேலும், துணைவிதிகளில் இடமிருந்தால் அன்றி, ஒரு சங்கம் இப்பட்டத்தை வழங்குதல் கூடாது. விதியில்லாத இடத்தில் பட்டம் தலைவரின் விருப்பத்திற்கேற்ப வாரி வழங்கப்படும் அன்றோ?

ஓர் ஊர் வாசகசாலையை எண்ணிப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகள் அதற்காக உழைத்த முதியவரைக் கௌரவ உறுப்பினராக்கி மாலை சூட்டினர். அடுத்த தேர்தலில் வாக்களிக்க வந்தவரிடம் செயலாளர், "ஐயா, தாங்கள் கௌரவ உறுப்பினர், தங்களுக்கு வாக்கில்லை" என்றார். முதியவர் திகைத்து நின்றார். மாலையோடு உரிமையும் கழன்று போயிற்றோ?

ராபர்ட் நூலின்படி அவ்வாறு போகாது. முன்பே முழு உறுப்பினராக இருப்பவர் கௌரவப் பட்டம் பெறுவதால் தம் வாக்கினை இழப்பதில்லை. வெளியிலிருந்து அழைத்துப் பெருமை செய்யப்பட்டவருக்கே அக்கட்டுப்பாடு. ஆயினும் சங்கத்தின் சொந்தத் துணைவிதி வேறு கூறுமாயின், அதுவே செல்லும். ஆதலின் சந்தா உண்டா, வாக்கு உண்டா, பட்டம் எத்துணைக் காலத்திற்கு என்பனவற்றை முன்னரே எழுதிவைத்தல் நலம். மாலை சூட்டிய பின்னர் எழுதப் புகுந்தால், எழுதுவது விதியாகாது, வழக்காகிவிடும்!

எண்ணிக்கையை வரையறுப்பதும் உண்டு. 1954இல் தொடங்கப்பட்ட சாகித்திய அகாதெமி, 'ஃபெல்லோ' என்னும் தன் உயரிய பெருமையை ஒரே காலத்தில் இருபத்தொருவருக்கு மேல் அளிப்பதில்லை. 1968இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனை முதலில் பெற்றார். 1996இல் எழுத்தாளர் ஜெயகாந்தன் பெற்றார். இடம் அரிதாதலின் பெருமையும் குன்றுவதில்லை.

தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெறும் சங்கம், தன் துணைவிதிகளைப் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும்; பின்னர் அவற்றைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எனவே, அம்முதியவரின் வாக்கு செயலாளரின் வாய்ச்சொல்லில் இல்லை. பதிவான ஏட்டில் உள்ளது. அவர் அந்த ஏட்டினைக் கேட்டு வாங்கிப் படித்தல் வேண்டும்.