பரணில் கிடக்கும் பழைய இசைத்தட்டு: அல்ட்ராசோனிக் முறையில் வீட்டிலேயே கழுவலாமா? முதலில் இதைப் பாருங்க!

பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு தகரப் பெட்டி கீழே இறங்கும். திறந்தால் தாத்தா காலத்து இசைத்தட்டுகள். தூசி, பூஞ்சை, கரப்பான் எச்சம். யூடியூபில் தேடினால், அல்ட்ராசோனிக் தொட்டியில் தட்டைச் சுழலவிட்டு புதுசு போல எடுக்கிற வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நாமும் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் எல்லாத் தட்டையும் அப்படிக் கழுவக் கூடாது. அந்த வீடியோக்களில் கழுவப்படுவது பெரும்பாலும் வினைல். நம்ம ஊர் பெட்டிகளில் பாதிக்கு மேல் அரக்குத் தட்டாகவே இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் இறங்கினால் பாட்டே போய்விடும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்துற திருவிழா என்றால் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் பழைய பெட்டியைத் திறந்தவர், கையில் இருந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒரு தட்டைத் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. "அழுக்கு எப்படிப் போகுது பாரு" என்று சந்தோஷப்பட்டார். கரைந்துகொண்டிருந்தது தட்டு. அவருடைய அம்மா விரும்பிக் கேட்ட நாடகப் பாட்டு அது. இப்போது வைத்தால் இரைச்சல் மட்டும்தான் வருகிறது.

அரக்குத் தட்டு, வினைல் தட்டு: என்ன வித்தியாசம்?

இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் லண்டன் கம்பெனிக்காக வந்து கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது. அடுத்து 1920களின் இறுதியில் டம்டம் தொழிற்சாலை. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள், எம்.கே.தியாகராஜ பாகவதர் என்று நம் வீடுகளுக்கு வந்த குரல்கள் எல்லாம் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுகளில் வந்தவை.

இந்த 78 தட்டுகள் அவலரக்கால் ஆனவை. அதாவது, மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அதோடு கல் மாவு, கரி, பஞ்சு இழை சேர்த்துச் சூடாக்கி அச்சில் அழுத்துவார்கள்.

வினைல் என்பது பிளாஸ்டிக். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33 1/3 சுற்று லாங் பிளே தட்டை அறிமுகப்படுத்தியது. வெளிநாடுகளில் 78 சீக்கிரமே மறைந்தது. ஆனால் இந்தியாவில் 1960களிலும் அரக்குத் தட்டு அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78-இல் வந்திருக்கின்றன. அதனால் எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டுத் தட்டுதானே, வினைலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- லேபிளில் 78 என்று இருந்தாலோ, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு (சுமார் 3 நிமிடம்) இருந்தாலோ, 10 அங்குல அகலத்தில் கையில் கனமாக இருந்தாலோ, அது அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
- 33 1/3 அல்லது 45 என்று இருந்தால், எடை குறைவாக இருந்து லேசாக வளைந்து கொடுத்தால், வினைல்.
- நான்கு பாட்டு இருக்கும் 7 அங்குல இபி தட்டுகள், 'திருவிளையாடல்', 'விதி' மாதிரி படங்களின் கதை வசன எல்பி தட்டுகள் எல்லாம் வினைல் வகை.
- சந்தேகமா? வளைத்துப் பார்க்காதீர்கள். அரக்கு கண்ணாடி மாதிரி உடையும். அரக்கு என்று நினைத்தே கையாளுங்கள்.

அல்ட்ராசோனிக் என்றால் என்ன?

நகைக்கடை, கண்ணாடிக் கடை, பல் மருத்துவமனைகளில் இந்த ஸ்டீல் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் கருவி விநாடிக்கு சுமார் 40,000 முறை அதிரும். நம் காது 20,000 வரைதான் கேட்கும். (நாய்க்கு இது கேட்கும். எச்.எம்.வி. லேபிளில் குழாய் முன் உட்கார்ந்திருக்கும் நாய் இருந்தால் ஓடியே போயிருக்கும்!)

இந்த அதிர்வில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உருவாகி, உடனே நொறுங்கும். ஒவ்வொன்றும் நொறுங்கும்போது அருகில் உள்ள அழுக்கைத் தள்ளிவிடும்.

வினைலுக்கு இது ஏன் தேவை? எல்பி தட்டின் பள்ளம் சுமார் 0.05 மி.மீ. அகலம்தான், ஒரு தலைமுடி அளவு. டூத் பிரஷ்ஷின் முடி அதைவிடத் தடிமன். மேலே தேய்க்குமே தவிர உள்ளே போகாது. குமிழி போகும்.

78 தட்டின் பள்ளம் அதைப்போல மூன்று மடங்கு அகலம். மெல்லிய மென் பிரஷ்ஷே அதற்குப் போதும்.

வினைலுக்கு வீட்டில் எப்படி அமைப்பது?

தொட்டி: 40 கிலோஹெர்ட்ஸ், 6 லிட்டர். உள்ளே சுமார் 30 செ.மீ. நீளம், 15 அகலம், 15 ஆழம் இருக்கும். கண்ணாடிக் கடையில் இருக்கும் சின்னத் தொட்டியில் எல்பி நுழையாது. ஐந்தாறு தட்டுதான் இருக்கிறது என்றால் இவ்வளவு செலவு தேவையே இல்லை, கையால் கழுவினால் போதும்.

கம்பி: தட்டின் ஓட்டை சுமார் 7 மி.மீ. 6 மி.மீ. மரையுள்ள கம்பி சரியாக இருக்கும். தட்டுகளுக்கு நடுவே குறைந்தது 2.5 செ.மீ. இடைவெளி வேண்டும். ஒரு தடவைக்கு 2 அல்லது 3 தட்டு போதும். நெருக்கி மாட்டினால் நடுவில் இருக்கும் தட்டுக்கு அதிர்வு போய்ச் சேராது.

மோட்டார்: மெதுவாகச் சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாக ஓட வேண்டும்.

உயரம்: இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். தட்டு முழுதாக மூழ்கக் கூடாது. 12 அங்குல எல்பியில் கீழ்ப்பகுதி 9 செ.மீ. மட்டும் தண்ணீரில் இருந்தால், சுற்றச் சுற்ற பாட்டுப் பகுதி முழுவதும் நனைந்துவிடும். லேபிள் மேலேயே நிற்கும். அதற்குக் கம்பி தண்ணீர் மட்டத்திலிருந்து 6 செ.மீ. மேலே இருக்க வேண்டும். லேபிளின் இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்த பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தினால் வழியும் துளியும் படாது. 7 அங்குல இபிக்கு உயரம் மாறும். தண்ணீர் ஊற்றும் முன்பே அளந்து பாருங்கள்.

எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற உப்பு, தட்டின் பள்ளத்திலும் படியும். அப்புறம் ஊசி அந்த உப்பின் மேல்தான் ஓடும். கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும்.

டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பேட்டரிக் கடையில் கிடைக்கும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும், கவனம்!

வெறும் தண்ணீர் பள்ளத்துக்குள் சரியாக இறங்காது. அதற்காக லிட்டருக்குச் சில துளி, போட்டோ பிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் சேர்ப்பார்கள். அதற்குப் பதிலாக ஷாம்பு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட், சோப்புத் தூள் எதையும் போடாதீர்கள். வாசனை, நிறம் எல்லாம் தட்டிலேயே தங்கிவிடும்.

கழுவும் முறை

1. முதலில் உலர்ந்த மென் பிரஷ்ஷால் மேல் தூசியைத் தட்டுங்கள். மண் துகளோடு தொட்டியில் இறக்கினால் தண்ணீர்தான் கெடும்.
2. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது, கருவி எரிந்துவிடும்.
3. தட்டு இல்லாமல் 5 முதல் 10 நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறும். தொட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, சாப்பாடு கட்டும் அலுமினிய பாயில் துண்டை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். புள்ளி புள்ளியாக ஓட்டை விழுந்தால் சரியாக வேலை செய்கிறது.
4. தட்டுகளை மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, பிறகு அல்ட்ராசோனிக்கைப் போடுங்கள். 10 நிமிடம் போதும். நாள்பட்ட அழுக்கு என்றால் 15.
5. ஹீட்டரைப் போட வேண்டாம். ஓடும்போதே தண்ணீர் சூடாகும். அக்னி நட்சத்திரத்தில் நம்ம வீட்டுத் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். 40-ஐ நெருங்கினால் நிறுத்தி ஆறவிடுங்கள். வினைல் சூட்டில் நெளிந்தால் திரும்ப நேராகாது.
6. வெட்டிங் ஏஜென்ட் சேர்க்காத டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசுங்கள்.
7. தட்டு வைக்கும் ஸ்டாண்டில் நிமிர்த்தி, நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயில் கூடவே கூடாது.
8. பழைய காகித உறையில் திரும்பப் போடாதீர்கள். பூஞ்சை அதில்தான் இருக்கிறது. புது உறை போட்டு, படம் போட்ட வெளி அட்டையைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

ஓடும்போது தொட்டித் தண்ணீரில் விரலை விடக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

ஸ்பிரிட் சேர்க்கலாம் என்கிறார்களே?

சில வீடியோக்களில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்க்கலாம். இரண்டு காரணங்களுக்காக வேண்டாம்.

ஒன்று, தீ. சூடாகிற, மின்சாரத்தில் ஓடுகிற திறந்த தொட்டியில் எளிதில் தீப்பற்றும் திரவத்தை ஊற்றுவது ஆபத்து.

இரண்டு, பெட்டியில் கலந்து கிடக்கும் தட்டுகளில் ஒரு அரக்குத் தட்டு தவறி உள்ளே போனால் போதும். ஆசாரி எப்படி பிரெஞ்ச் பாலிஷ் தயாரிப்பார்? அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைப்பார். அதே அரக்குதான் 78 தட்டிலும் இருக்கிறது. சானிடைசர், சர்ஜிகல் ஸ்பிரிட், சென்ட், கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே என்று ஆல்கஹால் கலந்த எதுவும் அதன் மேல் படக் கூடாது.

அப்போ அரக்குத் தட்டை எப்படிக் கழுவுவது?

கையால். தொட்டியில் வேண்டாம். 70, 80 வருடத் தட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். அதிர்வு அதைப் பெரிதாக்கலாம். சில கம்பெனித் தட்டுகளின் உள்ளே காகித அடுக்கும் உண்டு. தண்ணீர் நுழைந்தால் உப்பிவிடும்.

- மேசையில் மெத்தென்ற துணி விரித்து, தட்டை அதன் மேல் வையுங்கள்.
- டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மென் பிரஷ்ஷால், பள்ளம் போகிற வட்டத் திசையிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது.
- லேபிளில் ஈரம் படக் கூடாது.
- உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஊறவைக்க வேண்டாம்.
- விரிசல், உடைந்த ஓரம் இருந்தால் தண்ணீரே வேண்டாம். உலர்ந்த பிரஷ் மட்டும்.

இவ்வளவு மெனக்கெடணுமா? எல்லாம் யூடியூபில் இருக்குல்ல?

எல்லாம் இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' பிரதி இன்று கிடைக்கவில்லை. 1930களில் வந்த பல படங்களுக்கும் அதே கதிதான். அந்தக் காலக் குரல்களில் சில, இன்று தட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. நாடகக் கம்பெனிகளின் நாடகங்களும் பல தட்டுகள் கொண்ட செட்டாக விற்கப்பட்டவை. சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் தேடித் தேடி எடுத்து வைத்ததால்தான் நிறைய பாட்டு பிழைத்தது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு ஆயிரம் வருடம் தாண்டியும் கோவில் சுவரில் படிக்கும்படி இருக்கிறது. அது கல். தகரப் பெட்டியில், ஓட்டு வீட்டுச் சூட்டில் கிடக்கும் தட்டு ஒரு தலைமுறை தாங்கினாலே பெரிய விஷயம்.

அதனால் கழுவுவதோடு நிறுத்தாதீர்கள். கழுவிய தட்டை ஒருமுறை ஓட்டி, கம்ப்யூட்டரில் வேவ் ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். 78-க்கு அதற்கான பெரிய முனை ஊசி தேவை, எல்பி ஊசி சரிப்படாது. பழைய கிராமபோன் பெட்டியின் இரும்பு ஊசியை வினைலில் வைக்கவே வைக்காதீர்கள். லேபிளின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, தட்டு எண், பாடியவர் பெயரை எழுதி வையுங்கள். படம் எது, பாட்டு எது என்று தெரியவில்லை என்றால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களை வைத்துத் தேடிப் பார்க்கலாம்.

இந்த வாரம் பெட்டியைத் திறந்தால், முதல் வேலையாகத் தட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள்: அரக்கு ஒரு பக்கம், வினைல் ஒரு பக்கம். கழுவுவது அதுக்கப்புறம். முதலில் பாட்டே பதியாத, கீறல் விழுந்த வினைல் ஒன்றில் சோதித்துப் பாருங்கள். பாட்டியின் பாட்டு கடைசியில் வரட்டும்.