வகுப்பறையில் யூடியூப் வீடியோ: காட்டலாமா, காப்பி எடுக்கலாமா?

சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் என்னிடம் ஆசிரிய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இன்டர்நெட் வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டினால் காப்பிரைட் பிரச்சினை வருமா?" பயந்துபோய் வீடியோவே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. லேப் வசதி இல்லாத பள்ளி என்றால் அந்த நஷ்டம் மாணவர்களுக்குத்தான். எனவே இதைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம்தான் அடிப்படை. அதன் 52-வது பிரிவு கல்விக்குச் சலுகை தருகிறது. கல்வி நிறுவனத்தின் பணிகளில் ஒரு பகுதியாகப் படம் காட்டலாம். சட்டத்தின் பார்வையில் வீடியோவும் படம்தான். ஆனால் பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், அப்பணிகளோடு தொடர்புடையவர்கள் ஆகியோராக மட்டுமே இருக்க வேண்டும். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்கவும் இதே பிரிவில் இடமுண்டு. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சலுகைக்கு விரிவான பொருள் கொடுத்தது.

யூடியூப் விதி வேறு

சட்டம் ஒன்று, தளத்தின் நிபந்தனை வேறொன்று. டவுன்லோட் பட்டனை யூடியூபே தந்தால் தவிர, வீடியோவை இறக்கிக்கொள்ள அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. வேறு சாஃப்ட்வேர் மூலம் இறக்காதீர்கள். லிங்க்கைக் குறித்து வைத்து அங்கிருந்தே ஓட்டுங்கள். பொது இடத்தில் திரையிடவும் அந்த விதிகளில் தடை உள்ளது. ஆகவே ஊரைக் கூட்டிப் போட வேண்டாம். புதுப்படம் போல, யாரோ திருட்டுத்தனமாக ஏற்றியதையும் தவிர்த்துவிடுங்கள்.

கவலையில்லாத வழி

யூடியூபில் பாடத் தலைப்பைத் தேடியபின் 'ஃபில்டர்ஸ்' பகுதிக்குச் சென்று 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்பதைக் கிளிக் செய்யவும். படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால், இந்த வீடியோக்களை வெட்டி ஒட்டியும் பயன்படுத்தலாம். ஐ.ஐ.டி.க்களின் என்பிடெல் பாடங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன.

ஏற்றும்போது கவனம்!

வகுப்பில் காட்டுவது வேறு, அதே வீடியோவைச் சேர்த்து உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு. பின்னணியில் ஒரு சினிமா பாட்டு இருந்தாலும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும். 90 நாட்களுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தால் சேனலே நீக்கப்படலாம். நீங்கள் சொந்தமாக எடுத்த பாடங்களும் சேர்ந்தே போய்விடும். எனவே நீங்கள் எடுத்த பாடங்களின் ஒரிஜினல் ஃபைல்களை இன்றே ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.