கல்லில் தெரியும் காயம்!

சாளக்கிராமத்துக்குள் சக்கரம் போல ஒன்று சுருண்டிருக்கும். பார்த்திருப்பீர்கள். அது ஒரு கடல் பிராணியின் ஓடு பதிந்த தடம். அந்தப் பிராணியின் பெயர் அம்மோனைட். பார்வைக்கு நத்தை, உறவிலோ கணவாய்க்குச் சொந்தம்! சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது பூண்டோடு அழிந்து போயிற்று.

கல்லாகிப் போன இந்த ஓடுகளில் சில கோணல்மாணலாக இருக்கின்றன. வரிகள் விலகி ஓடும்; ஒரு பக்கம் வீங்கியிருக்கும். இவற்றைப் புது இனம் என்று எண்ணிப் பெயர் வைத்தவர்களும் உண்டு!

ஜெர்மனியில் தியோடர் எங்கல் என்ற பாதிரியார் இருந்தார். கல் சேகரிப்பதில் அவருக்கு அளவில்லாத ஆசை. 1894-ல் அவர் இவற்றை "நோயுற்ற அம்மோனைட்டுகள்" என்றே எழுதினார்.

பிழைத்ததா, செத்ததா?

அம்மோனைட்டின் உடம்பைப் போர்த்திய மெல்லிய தோல்தான் ஓட்டைக் கட்டுகிறது. தோலின் விளிம்பு சுண்ணாம்பைச் சுரந்து, ஓட்டின் வாயில் சேர்த்துக் கொண்டே போகும்.

நண்டு வந்து ஓட்டின் வாயை உடைத்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். ஓடு மட்டும் உடைந்தால், தோல் அதை அடைத்து விடும். கொஞ்ச தூரத்தில் ஓடு பழையபடி ஆகி விடும்.

தோலே கிழிந்தால்? தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், பிறகு நெய்யும் துணி முழுவதும் கோடு விழும் அல்லவா? அதே கதிதான். அதன்பின் வளர்ந்த ஓட்டில் தழும்பும் கூடவே ஓடும்.

ஆறிய தழும்பு இருந்தால் பிராணி பிழைத்தது நிச்சயம். ஆறாத உடைப்பு என்றால், கடிபட்டுச் செத்திருக்கலாம். செத்த பிறகும் உடைந்திருக்கலாம்.

வீக்கத்துக்கு உள்ளே புகுந்த ஒட்டுண்ணிகள் காரணமாக இருக்கலாம். ஆனால் உடம்புதான் அழுகிப் போயிற்றே! நோயை ஊகிக்கத்தான் முடியும்.

பதினாறு கடி!

அமெரிக்காவில் தென் டகோட்டாவில் கிடைத்த ஓர் ஓட்டில் வட்ட வட்டமாகத் துளைகள். மோசசார் என்ற ராட்சதக் கடல் பல்லி 16 தடவை கடித்திருக்கிறது என்று, காப்மன், கெஸ்லிங் என்ற இருவர் 1960-ல் எழுதினார்கள்.

1998-ல் ஜப்பானியரான காசேயும் அவருடைய கூட்டாளிகளும் குறுக்கிட்டார்கள். மோசசார் தாடை போல ஒரு பொறி செய்து, நாட்டிலஸ் ஓடுகளைக் கடிக்க வைத்தார்கள். வட்டத் துளை விழவில்லை, ஓடு நொறுங்கியது! "இத்தகைய துளைகள் கடித்ததால் வந்தவை அல்ல, ஓட்டில் ஒட்டி வாழ்ந்த சிறு நத்தைகள் சுரண்டிய குழிகள்" என்றார்கள்.

2001-ல் வேறு இருவர் இதை மறுத்தார்கள். மோசசார் கடித்த துளைகள் உண்டு என்பது அவர்கள் கட்சி.