'ஒருவேளை' என்றொரு வினா

பணி ஓய்வுக்குப் பின், ஒரகடத்துக்கு அருகிலுள்ள பள்ளி ஒன்றில் சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் உரையாடி வருகிறேன். நான் பொருளியல் படித்தவன். அறிவியல் ஆசிரியன் அல்லன். ஒருநாள் அவர்களிடம் இப்படிக் கேட்டேன்: செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் திறந்ததைப்போல் விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீரைத் திறந்துகொண்டே இருந்தால், ஏரி எப்போது வற்றும்?

ஏரியின் முழுக் கொள்ளளவு 364.5 கோடி கன அடி. வகுத்தால் ஏறத்தாழ 35 மணி நேரம். வகுப்பின் முதல் மாணவன் உடனே சொல்லிவிட்டான். கடைசி வரிசை மாணவி மட்டும் ஒப்பவில்லை. "வத்தாது சார். அவ்வளவு திறக்கிறாங்கன்னா மழை பெய்ஞ்சுக்கிட்டு இருக்கும். வர்ற தண்ணியக் கணக்குல சேர்க்கலையே?"

35 மணி என்பது தவறான விடையன்று. நீர்வரத்து இல்லை, வெளியேற்றம் குறையாது என்ற இரு நிபந்தனைகளுக்கு உட்பட்ட விடை. உண்மையில் நீர்மட்டம் தாழத் தாழ மதகில் அழுத்தம் குறையும், வெளியேற்றமும் குறையும். சொல்லாமல் விட்ட நிபந்தனையைத் தேடிப் பிடிக்கும் மனமே அறிவியல் மனம். அதை வெளிக்கொணர்வதே கற்பனை வினாவின் பயன். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிற இயற்கை விதிகள் அப்படியே நிற்க வேண்டும். இல்லையெனில் அது வெறும் கதை. ஒளிக்கற்றையைத் துரத்திச் சென்றால் என்ன தெரியும் என்று பதினாறு வயதில் ஐன்ஸ்டைன் எண்ணிப் பார்த்ததும் இவ்வகைதான். எங்கள் துறையிலும் உண்டு. ரயில்பாதைகளே இல்லாதிருந்தால் அமெரிக்கா எவ்வளவு வளர்ந்திருக்கும் எனக் கணக்கிட்ட ராபர்ட் ஃபோகல், 1993-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஃபோகலின் வழியில் மறுவாரம் கேட்டேன்: 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் ஆலை வந்தது, தொடர்ந்து பல ஆலைகள் வந்தன. ஒருவேளை எதுவுமே வராதிருந்தால், ஏரிக்கு வரும் நீர் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? அரை மணி நேரம் வாக்குவாதம். கூரையிலும் கான்கிரீட்டிலும் விழும் மழை மண்ணில் இறங்காமல் ஓடுவதால், ஆலைகள் வந்தபின் வரத்து கூடியிருக்கும் என்றது ஒரு தரப்பு. கால்வாய் தூர்ந்திருந்தால் அந்நீர் ஊருக்குள் அல்லவா புகும் என்றது மறுதரப்பு. "அப்பாவுக்கு வேலையும் இருந்திருக்காது சார்" என்றான் ஒருவன். அது அறிவியல் அன்று எனத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

திறன்மிகு மாணவருக்கான சிறப்புப் பயிற்சிப் பட்டியலில் அந்த மாணவியின் பெயர் இல்லை. மதிப்பெண்ணைக் கொண்டு தயாரித்த பட்டியல் அது. அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்முறை அறிவியலை வளர்க்கிறது, நல்ல முயற்சி. ஆனால் எட்டுக்குப் பிறகு, விடைக்குத்தான் மதிப்பெண், எதிர்க்கேள்விக்கு இல்லை. ஒவ்வொரு தேர்விலும் ஒரேயொரு கற்பனை வினாவை வைத்து, விடைக்கன்றி, மாணவர் எழுதிக்காட்டும் நிபந்தனைகளுக்கு மதிப்பெண் வழங்கலாம். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. திருத்துபவருக்குச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

அந்த மாணவியைப் பட்டியலில் சேர்க்க இயலுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "அரையாண்டுத் தேர்வு வரட்டும் சார், பார்க்கலாம்" என்றார்.