செம்பு ஈன்ற கருமை

பீதர்க் கோட்டையின் பழஞ்சுவரடியில் மண்ணெடுக்கச் செல்லும் கைவினைஞர், ஒரு சிட்டிகையை நாவில் இட்டுச் சுவைத்த பின்னரே பையை நிரப்புவார். வெயிலும் மழையும் படாத மூலையில் தோண்டிய மண்தான் அவருக்கு வேண்டும். இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. வேதியியல் கற்றவர் நகைக்கமாட்டார். பழங்கட்டடங்களின் அடிமண்ணில் ஊறிய கழிவுகளை நுண்ணுயிர்கள் சிதைக்க, நாளடைவில் அங்கே வெடியுப்பு விளைகிறது. அவ்வுப்பு நீரில் எளிதில் கரைவது. ஒரு மழைக்காலம் போதும், அடித்துக்கொண்டு போய்விடும். கூரை நிழலில் கிடந்த மண்ணில்தான் அது தங்கும். கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால், கரிப்போடு சிறு தண்மையையும் நாக்கில் விட்டுச் செல்லும்.

உலோகத்தைக் கறுக்கவைக்கவே இத்தனை பாடு. கருநாடகத்தின் வடகோடியிலுள்ள பீதரில், பாமினி அரசர் காலந்தொட்டு வழங்கிவருவதாகச் சொல்லப்படும் பித்ரி வேலைப்பாட்டில், கரிய கலத்தின்மேல் வெள்ளிக் கொடியும் பூவும் ஒளிரும். அக்கருமை மேலே பூசிய வண்ணமன்று. கலத்தின் தோலே கறுத்த கறுப்பு. அதன் புகழ் முழுவதையும் கோட்டை மண்ணே தட்டிச் சென்றுவிட்டது. நேர்மையாகப் பங்கிட்டால், பெரும்பங்கு செம்புக்குச் சேரவேண்டும் என்பேன்.

கலத்தின் உடல் பெரும்பாலும் துத்தநாகம். வழக்கமான கணக்கில் 16 பங்கு துத்தநாகத்துக்கு 1 பங்கு செம்பு. ஆமணக்கெண்ணெயும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்த மண்ணச்சில் உருகிய கலவையை வார்த்து, ஆறியபின் அரத்தால் அராவி வழவழப்பாக்குவர். இந்நிலையில் கலம் வெளிறிய சாம்பல் நிறத்தது. அதில் நுண்கோடு கீறினால் கண்ணுக்குப் புலப்படாது. எனவே மயில்துத்தக் கரைசலால் ஒருமுறை துடைக்கிறார்கள். நீலநீர் பட்ட இடமெல்லாம் கறுக்கிறது. செம்பைவிடத் துத்தநாகம் வினைத்திறன் மிக்கது. தான் கரைசலுக்குள் இறங்கி, அங்கிருந்த செம்பை வெளியே தள்ளிவிடுகிறது. வெளியேறிய செம்பு செந்நிறமாக அன்றோ இருக்கவேண்டும்? மிக நுண்ணிய துகள்களாகப் படிவதால் அது ஒளியை விழுங்கிக் கருநிறம் காட்டுகிறது. அதன்மேல் எஃகு முனையால் கொடி வரைந்தால், கரும்பலகையில் சுண்ணக்கட்டி இழுத்தாற்போல் கோடு வெள்ளையாய்த் தெரியும்.

இக்கறுப்பு வரைவதற்கு மட்டுமே, நிலைப்பதன்று. அடுத்துச் சிற்றுளியின் வேலை. கோட்டின் வழியே பள்ளம் வெட்டி, அதில் வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்குவர். கம்பி பதிக்கும் வேலைக்குத் தார்க்கசி என்று பெயர். மீண்டும் அராவி மெருகேற்றும்போது முதற்கறுப்பு தேய்ந்து போகும். அந்த நேரத்தில் கலத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் ஏமாந்துதான் போவார். வெள்ளியும் துத்தநாகமும் ஏறத்தாழ ஒரே நிறம். பல நாள் உழைப்பு இருக்கிற இடம் தெரியாது. இப்போதுதான் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் குழைத்த சேறு வருகிறது. கலத்தை இளஞ்சூடாக்கிச் சேற்றைத் தேய்த்துக் கழுவினால், உடல் கரியாகிவிட்டிருக்கும். வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருமை இன்னும் ஆழ்ந்து தோன்றும்.

ஒரே சேறு இரண்டின் மீதும் பட்டது. நவச்சாரம் துத்தநாகத்தை அரிக்கவல்லது. வெள்ளியோ அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. இவ்வளவோடு விளக்கம் முடிந்ததென்று எண்ணினால் தவறு. செம்பு கலவாத துத்தநாகத்தில் இதே சேற்றைத் தேய்த்தால் அந்த அடர்ந்த கருமை கிட்டாது. மங்கிய சாம்பலோடு நின்றுவிடும். சூசன் லா நீசும் கிரகாம் மார்ட்டினும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, கலவையிலுள்ள அந்தச் சிறுபங்கு செம்பின் இன்றியமையாமையை எடுத்துக்காட்டியது. முதற்கறுப்புக்குச் செம்பு வெளியிலிருந்து வந்தது. இறுதிக் கறுப்புக்கோ வார்க்கும்போதே உள்ளே ஒளிந்திருந்தது. மண்ணும் நவச்சாரமும் அதை வெளிக்கொணரும் கருவிகள்.

எல்லாக் கறுப்புக்கும் இதுவே வழியென்று கொள்ளவேண்டா. நம் கடைகளில் ‘ஆக்சிடைஸ்டு’ என்று விற்கும் வெள்ளி நகையின் பள்ளங்களில் படிந்திருப்பது, பெயர் சொல்வதுபோல் உயிர்வளி சேர்ந்த கறுப்பன்று. கந்தகம் சேர்ந்த கறுப்பு. காற்றிலுள்ள கந்தக வளிமங்கள் பித்ரிக் கலத்தின் வெள்ளியையும் விட்டுவைப்பதில்லை. சில ஆண்டுகளில் பூவும் கறுத்துப் புலத்தோடு ஒன்றிவிடும். மெல்லிய துணியால் பொறுமையாகத் துடைத்தால் வெள்ளி மீளும்.

உறவினர் வீடொன்றில் அந்தப் பொறுமை இல்லை. பொங்கலுக்கு முன் குத்துவிளக்கோடு சேர்த்து, பரிசாக வந்த பித்ரிக் கிண்ணத்தையும் புளியிட்டு நாரால் தேய்த்துவிட்டார்கள். புளியின் காடி கருந்தோலைக் கரைத்து உரித்துவிட்டது. கிண்ணம் இன்றும் அவர்கள் கூடத்து அலமாரியில், விளிம்பு முதல் அடிவரை ஒரே சாம்பல் நிறமாய் இருக்கிறது. கொடி எங்கும் போய்விடவில்லை. வெட்டிய பள்ளத்திலேயே கிடக்கிறது. சாளரத்தருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் ஓரிரண்டு இலைகள் மட்டும் தெரிகின்றன.