ஆபரேஷனுக்குப் பின் அப்பா ஏன் உளறுகிறார்?

இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இரவு. 75 வயதுப் பெரியவர் கையில் ஏறும் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறார். போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிரித்துப் பிரித்து எடுக்கிறார். எப்போதோ இறந்துபோன அண்ணனோடு பேசுகிறார். உதடு காய்ந்து, முகம் சிவந்து, கண்ணின் பாப்பா விரிந்திருக்கிறது. மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. "வயசானா இப்படித்தாங்க" என்கிறார்கள் பக்கத்துக் கட்டில்காரர்கள். வீட்டாரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

நம்பிவிடாதீர்கள். இந்த அடையாளங்கள் ஒன்றுசேர்ந்து வந்தால், உடலில் ஏறிய மருந்துகளை ஒருமுறை வரிசையாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குறிப்பாக ஆன்டிகோலினெர்ஜிக் எனப்படும் வகையை.

எச்சில் ஊறுவதும் குடல் அசைவதும் சிறுநீர்ப்பை சுருங்குவதும் இதயம் நிதானமாகத் துடிப்பதும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலை. 1921ல் ஓட்டோ லூவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தில் ஊறிய திரவத்தை இன்னொரு தவளை இதயத்துக்குச் செலுத்தினார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ரசாயனம் வழியாகச் செய்தி அனுப்புகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் இதே ரசாயனம் வேண்டும். அதன் பாதையை அடைப்பவை ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள். அவற்றில் அட்ரோபின், ஹையோசின் இரண்டும் நம் ஊர்க் குப்பைமேட்டில் வளரும் ஊமத்தையில் இருப்பவைதான். ஊமத்தங்காய் தின்றவர் பிதற்றுவதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட மருந்தை மயக்க மருந்து டாக்டர் ஏன் கையில் வைத்திருக்கிறார்? உயிர் காக்கத்தான். மாறுகண் ஆபரேஷனில் கண்தசையை இழுக்கும்போதும், லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் வாயு நிரப்பும்போதும் இதயத்துடிப்பு சட்டென்று இறங்கலாம். அந்த நொடியில் அட்ரோபின் வேண்டும். ஆபரேஷன் முடிவில் தசைகளைத் தளர்த்திய மருந்தை முறிக்க நியோஸ்டிக்மின் போட்டால், அது அசிட்டைல்கோலினை உடல் முழுக்கக் கூட்டும். தசைக்கு நல்லது, இதயத்துக்கு ஆபத்து. அதனால் கூடவே கிளைகோபைரோலேட்டோ அட்ரோபினோ கட்டாயம் சேர்ப்பார்கள். ஆகவே "அந்த ஊசி வேண்டாம்" என்று யாரும் அடம்பிடிக்கத் தேவையில்லை, கூடாது. எந்த மருந்து, எதற்காக என்று கேட்கலாம். அட்ரோபினும் ஹையோசினும் மூளைக்குள் புகுந்துவிடும். கிளைகோபைரோலேட்டால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள வேலியை எளிதில் தாண்ட முடியாது. எனவே முதியவருக்குக் குழப்பம் வரும் வாய்ப்பு குறைவு. வாய் காய்வதும் சிறுநீர் அடைப்பதும் அதிலும் உண்டு. சில தசைத்தளர்ப்பிகளை சுகாமடெக்ஸ் என்ற மருந்தால் இந்தத் துணை ஊசி இல்லாமலே முறிக்கலாம். ஆனால் விலை அதிகம்.

என் கவலை ஆபரேஷன் தியேட்டரில் போடும் அந்த ஒரு ஊசியைவிட, வீட்டு மாத்திரை டப்பாவைப் பற்றியது. அரிப்புக்குக் கேட்டு வாங்கும் அவில், சளி மாத்திரையில் கலந்த குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின், கை நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் இதே பாதையைத்தான் அடைக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான், மொத்தமாகச் சேரும்போது முதிய மூளை தாங்காது. 1991ல் அமெரிக்க மருத்துவர் மார்க் பீர்ஸ் தொடங்கிவைத்த 'முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள்' பட்டியலில் இன்றும் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. நம் மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொன்னாலே இவற்றில் பல கைக்கு வந்துவிடுகின்றன என்பதுதான் வேதனை.

அதனால் ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது, சித்த மருந்து, லேகியம் உட்பட எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு அவர் முன் கொட்டுங்கள். குறுகிய கோணக் கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் வீக்கம், படபடப்பு, மறதி நோய் இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது வேறு வினையில் முடியும். ஆபரேஷனுக்குப் பின் குழப்பம் வந்தால் ஆக்சிஜன் குறைவு, சோடியம் குறைவு, கிருமித்தொற்று, வலி, சிறுநீர் அடைப்பு எதுவும் காரணமாகலாம். டாக்டரை அந்த இரவே கூப்பிடுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள். மருந்துதான் காரணம் என்று உறுதியானால் ஃபைசோஸ்டிக்மின் என்ற மாற்று மருந்து உண்டு. இதயத்துடிப்பைக் கண்காணித்தபடியே அதைத் தர வேண்டும்.

கேட்பது உங்கள் உரிமை. சமீரா கோலி வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, முக்கிய அபாயங்கள் ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்றது. எங்கோ அபூர்வமாக நடப்பதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னது. கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மயக்கமருந்துப் பதிவுத்தாளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எந்த ஊசி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, அப்போது துடிப்பு என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பக்கவிளைவை நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. கவனக்குறைவு என்று உறுதியாகத் தோன்றினால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். காசு கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.