உறையவைக்கும் விஷம், உறையாத ரத்தம்

சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம். பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்ததும் பிழைப்பை இழந்த இருளர் பழங்குடியினர், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரோடு சேர்ந்து 1978-இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். உலர்த்திய விஷம் விஷமுறிவு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இதுவரை பலர் கேள்விப்பட்டதுதான். அந்த விஷம் ரத்தத்துக்குள் செய்வது அதைவிடப் பெரிய அதிசயம்.

காயம் பட்டதும் ரத்தம் உறைவதற்காக அதிலுள்ள ஒரு புரதம் அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. இந்த வரிசையில் முக்கியமான கண்ணி, பத்தாம் காரணி. கண்ணாடி விரியன் விஷத்திலுள்ள ஒரு நொதி, முன்னால் இருக்கும் எதற்கும் காத்திராமல் நேரே பத்தாம் காரணியை வெட்டி முடுக்கிவிடும். காயமே இல்லாத ரத்தக் குழாய்களுக்குள் உறைதல் தொடங்கும். உறையவைக்கும் புரதங்கள் அதிலேயே செலவாகித் தீர்ந்துவிடும். பிறகு ரத்தம் உறையவே உறையாது, ஈறில்கூடக் கசியும். கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்கிறார்களே, அது இதற்காகத்தான்.

அந்த நொதியின் குறி தப்பாத வெட்டு மனிதருக்குப் பயன்பட்டது. 1934-இல் இங்கிலாந்தில் மாக்ஃபர்லேன், பார்னெட் என்ற ஆய்வாளர்கள், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளின் ரத்தக் கசிவை நிறுத்த நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தைக் காயத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். இன்றும், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகும் பெண்களுக்கும், இளவயதில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் எடுக்கும் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' பரிசோதனையில் இந்த விஷத்தைத் துளியளவு சேர்த்து, ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

சுருட்டை விரியன் விஷத்தில் எக்கிஸ்டாட்டின் என்றொரு குட்டிப் புரதம் உண்டு. ரத்தத் தட்டணுக்களை அது ஒன்றோடொன்று ஒட்டவிடாது. அது ஒட்டலைத் தடுக்கும் விதத்தைப் படித்து, அதே வேலையைச் செய்யும் சிறு மூலக்கூறொன்றை ஆய்வகத்தில் கட்டினார்கள். டைரோஃபிபான் என்ற அந்த மருந்துக்கு அமெரிக்கா 1998-இல் அனுமதி தந்தது. மாரடைப்போடு வருபவரின் இதயக் குழாயில் ரத்தக்கட்டு வளராமல் தடுக்க அதைச் சிரைவழியே ஏற்றுகிறார்கள்.